நாட்செஸ் மாளிகைகள்: பின்வாசல் வழியாக

வியாழக்கிழமை

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென்மாநில வீடுகளை ஒரே ஊரில் கூட்டமாகப் பார்க்க விரும்புவோர் மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸுக்குத்தான் வர வேண்டும். ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் வாழும் இந்தச் சிற்றூரில், 1861இல் போர் மூள்வதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் எழுந்த மாளிகைகள் இன்றும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. ஜாக்சன் நகரிலிருந்து நாட்செஸ் டிரேஸ் பார்க்வே வழியாக வந்தேன். டென்னசியின் நாஷ்வில்லில் தொடங்கி இங்கே முடியும் 444 மைல் சாலை அது. சரக்கு லாரிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் அதில் இடமில்லை. படகில் சரக்கேற்றி மிசிசிப்பி ஆற்றில் இறங்கி வந்த வணிகர்கள், இங்கே படகையும் விற்றுவிட்டு வடக்கே நடந்து திரும்பிய பழைய காட்டுவழியை ஒட்டியே அது போடப்பட்டிருக்கிறது. அதே வழியில் எதிர்த்திசையில் விலங்கிட்டு நடத்திவரப்பட்ட மனிதர்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் எழுதுவேன்.

மாலையில் ஆற்றோரத்து உயரமான கரைமேட்டில் நின்றபோது ஊரின் அமைப்பு விளங்கியது. காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண்ணாலான இந்த மேடு, ஆற்றுமட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரம். கீழே படகுத்துறையை ஒட்டிய பழைய பகுதிக்கு ‘மேட்டின் கீழ் நாட்செஸ்’ என்றே பெயர். எதிர்க்கரையில் லூசியானா மாநிலம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையாகக் கிடக்கிறது. அந்தத் தட்டை நிலம்தான் பருத்தி விளைந்த நிலம்; வெள்ளமும் காய்ச்சலும் மிகுந்த நிலமும் அதுவே. நிலத்தின் சொந்தக்காரர்கள் அங்கே வாழாமல் ஆற்றைக் கடந்து, இந்த மேட்டின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆகவே நாட்செஸின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை, படங்களில் நாம் பார்க்கும் பருத்திக்காட்டு நடுவிலான பண்ணை வீடுகள் அல்ல. அவை ஊரிலும் ஊரை ஒட்டியும் தோட்டங்களுக்கு நடுவே கட்டப்பட்ட நகர்ப்புற மாளிகைகள். சன்னல் வழியாக உழைப்பாளிகள் தென்படாத தொலைவில் அமைந்த வீடுகள். இந்தத் தொலைவை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும்.

இவ்வளவு வீடுகள் எப்படிப் பிழைத்தன என்ற கேள்விக்கும் போர்தான் விடை. 1862 மே மாதத்தில் வடமாநிலக் கடற்படை வந்தபோது நாட்செஸ் சண்டையிடாமல் சரணடைந்தது. ஆற்றின் மேல்புறத்தில் இருந்த விக்ஸ்பர்க் 1863இல் 47 நாள் முற்றுகையில் சிதைந்தது. போருக்குப் பிறகு பருத்திப் பணம் வற்றியதால், வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி இங்கே பலருக்கு இல்லாமற்போனது. பழைய வீடுகள் பழையபடியே நின்றதற்கு வறுமையும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை

இன்று முழுவதும் மெல்ரோஸ் என்ற ஒரே வீட்டுக்கு. பென்சில்வேனியாவிலிருந்து வந்து இங்கே வழக்கறிஞராகவும் பெருநிலக்காரராகவும் உயர்ந்த ஜான் மக்மரன் 1840களில் கட்டிய வீடு இது. 1988இல் உருவாக்கப்பட்ட நாட்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதியாக இன்று மத்திய அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஒரு காலத்து வீட்டை அதன் பின்கட்டுகளோடும் அறைக்கலன்களோடும் முழுமையாகக் காண நாட்செஸில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் கருத்து.

முகப்பு, பழங்கிரேக்கக் கோயில்களைப் பின்பற்றிய கிரேக்க மறுமலர்ச்சிப் பாணி. அலங்காரம் குறைந்த டோரிக் வகையில் நான்கு உயர்ந்த தூண்கள் இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து, முக்கோண நெற்றிச்சுவரைத் தாங்குகின்றன. கல்லைப் போலத் தோன்றும் தூண்களுக்குள் இருப்பது செங்கல்தான்; அதன்மேல் காரை பூசி வெண்மையாக்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் கட்டடக் கல் கிடையாது. வண்டல் களிமண் உண்டு, சதுப்புக்காட்டு சைப்ரஸ் மரம் உண்டு. ஆகவே செங்கல்லைப் பளிங்காகவும், சைப்ரஸ் கதவை ஓக்காகவோ மஹாகனியாகவோ காட்டும் பூச்சுக்கலை நாட்செஸ் முழுவதும் பரவியது. இறகாலும் சீப்பாலும் ஈரவண்ணத்தில் மரவரிகளை இழுத்துக் காட்டும் அந்த வேலையை மட்டமான போலி என்று நான் நினைக்கவில்லை. தேர்ந்த கையால் மட்டுமே ஆகும் வேலை அது.

வீட்டின் குறுக்கே முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நேராக ஓடும் நடுக்கூடம், இரு பக்கமும் அறைகள், உயரமான கூரைகள், தரைவரை இறங்கும் சன்னல்கள் எல்லாமே வெப்பத்தைச் சமாளிக்க வகுத்தவை. முன்னும் பின்னும் கதவைத் திறந்துவிட்டால் காற்று வீட்டை ஊடுருவிப் போகிறது. திண்ணையும் முற்றமும் வைத்து வீடு கட்டிய நாட்டிலிருந்து வந்த எனக்கு, ஓர் அயல்நாட்டுப் பாணியை இந்த ஊர் வெப்பத்துக்கு ஏற்ப வளைத்த இந்த அறிவு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது.

உணவறையில்தான் நான் வெகுநேரம் நின்றேன். மேசைக்கு நேர் மேலே, கூரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் பெரிதான மஹாகனிப் பலகை தொங்குகிறது. செதுக்கி மெருகேற்றிய, அழகிய வளைவுகள் கொண்ட பலகை. அதன் மேல்விளிம்பிலிருந்து ஒரு கயிறு சுவரோரம் போகிறது. விருந்து நடக்கும் நேரம் முழுவதும், அடிமைப்படுத்தப்பட்ட ஒரு சிறுவனோ சிறுமியோ அறை மூலையில் நின்று அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பலகை அசைந்து ஈயை விரட்டி, உண்போர்மேல் காற்றை வீசும். வேறொன்றுமில்லை, நம் பங்காதான். அதே காலத்தில் மதராஸ் மாகாணத்தில் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகங்களிலும் துரைமார் பங்களாக்களிலும் இதே பங்கா ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஒருவர் கயிற்றின் மறுமுனையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருக்குச் சொற்பக் கூலியாவது உண்டு, மாலையில் போய்ச்சேர ஒரு வீடு உண்டு. மெல்ரோஸ் உணவறையில் கயிறு இழுத்த குழந்தை சட்டப்படி மேசை நாற்காலியோடு சேர்ந்த உடைமை. இந்த வேறுபாட்டைச் சிறிதாக்கிவிடக் கூடாது.

பின்தாழ்வாரத்துக்கு வந்தால் அழைப்பு மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அறையில் இருப்பவர் சுவரிலுள்ள பிடியை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பி வெளியே அந்த அறைக்குரிய மணியை அசைக்கும். அளவு வேறானதால் ஓசையும் வேறு. எந்த ஓசைக்கு எந்த அறை என்பதை வேலை செய்பவர்கள் காதாலேயே அறிந்திருக்க வேண்டும்; சமையற்கட்டில் கை நனைந்திருந்தாலும், மாடியில் உறங்கிக்கொண்டிருந்தாலும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மனிதர்களிடம் இத்தனை நுட்பமான செவியறிவை எதிர்பார்த்த வீடு இது.

மணிகளுக்கு எதிரே ஒரு முற்றம். அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு இரண்டடுக்குச் செங்கல் கட்டடங்கள். ஒன்றில் சமையலறை, மற்றொன்றில் பால் பண்டங்களுக்கான அறை. இரண்டின் மேல்தளங்களிலும் அடிமைப்படுத்தப்பட்டோர் வசித்தார்கள். சமையலறையைத் தனியே வைத்ததற்குத் தீ அச்சமும் வெக்கையும் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டடங்களுக்கும் தூண்தாழ்வாரம் வைத்து, பெரிய வீட்டின் சாயலிலேயே அமைத்திருப்பதைப் பாருங்கள். மாளிகையின் பின்தாழ்வாரத்திலிருந்து நோக்கும் விருந்தினருக்கு அது இன்னோர் அழகிய கட்டடம். உள்ளே யார் எப்படி உறங்குகிறார்கள் என்ற எண்ணம் எழாது. அதே தாழ்வாரத்திலிருந்து வீட்டுக்காரர் பார்த்தால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது தெரியும். சமச்சீர் அழகும் கண்காணிப்பும் ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. நாட்செஸ் கட்டடக்கலை பற்றிய என் கருத்தை ஓரிடத்தில் நின்று சொல்ல வேண்டுமானால் இந்த முற்றத்தில் நின்றுதான் சொல்வேன். இங்கே வடிவமைப்பின் மிக நுட்பமான பகுதி தூண்களில் இல்லை. உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டே உழைப்பவரை மறைப்பதில் இருக்கிறது.

சனிக்கிழமை

காலையில் ஆபர்ன். 1812இல் லெவி வீக்ஸ் கட்டிய இந்த வீட்டிலிருந்துதான் நாட்செஸின் தூண்மோகம் தொடங்கியது. கிரேக்க, ரோமானியத் தூண் இலக்கணங்களின்படி இந்தப் பிரதேசத்தில் முயன்ற முதல் வீடு இதுவே என்று வீக்ஸ் ஒரு கடிதத்தில் பெருமையோடு எழுதியிருக்கிறார். இவர் நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு, அன்றைய பெரிய அரசியல் தலைவர்களான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் சேர்ந்து வாதாடியதால் 1800இல் விடுதலையானவர். அந்த ஊரில் இருக்க முடியாமல் வெகுதொலைவு வந்து புது வாழ்வு தேடியவர். உள்ளே, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுழன்றேறும் மரப்படிக்கட்டு அவர் கைத்திறனுக்குச் சான்று. பிற்பாடு இங்கே வாழ்ந்த மருத்துவர் ஸ்டீபன் டங்கன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். போர் நடுவே 1863இல் நியூயார்க்குக்குப் போய்விட்டார். 1911இல் குடும்பத்தார் வீட்டை ஊருக்குக் கொடுத்தார்கள்.

ஸ்டான்டன் ஹாலில் அதிக நேரம் செலவிடவில்லை. அயர்லாந்திலிருந்து வந்து பருத்தி வணிகத்தில் பெருஞ்செல்வரான பிரெடரிக் ஸ்டான்டன் 1857இல் முடித்த வீடு. ஊர்நடுவில் ஒரு முழுச் சதுரத் தெருக்கட்டை எடுத்துக்கொண்டு நிற்கிறது. 72 அடி நீளக் கூடம், வெண்பளிங்குக் கணப்படுப்புகள், ஆளுயரத்தைத் தாண்டிய நிலைக்கண்ணாடிகள். கட்டியவர் 1859இலேயே இறந்துபோனார். எல்லாம் பிரமாண்டம்தான்; ஆனால் மெல்ரோஸைப் பார்த்த பிறகு, பின்கட்டுக் கதை குறைவாகவே சொல்லப்படும் வீட்டில் எனக்குக் கால் ஊன்றவில்லை.

பிற்பகல் லாங்வுட். நாட்செஸ் வீடுகளிலேயே விசித்திரமானதும் உண்மையை மறைக்க முடியாமற்போனதும் இதுதான். ஹாலர் நட் என்ற பெரும் பருத்திச் செல்வர், பிலடெல்பியாவின் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோனைக் கொண்டு எண்கோண வடிவில் திட்டமிட்ட மாளிகை. ஆறு தளங்கள், 32 அறைகள், உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். அக்காலத்தில் கீழைநாட்டுப் பாணி என்று மேலைநாட்டார் கற்பனை செய்துகொண்ட கலவை அது. நடுவில் எல்லாத் தளங்களையும் ஊடுருவும் வட்டக்கூடம். வெப்பக்காற்று அதன் வழியாக மேலேறி உச்சியில் வெளியேறும். உச்சியில் விழும் வெயிலைக் கண்ணாடிகள் வைத்துக் கீழ்த்தளம்வரை இறக்கவும் எண்ணம் இருந்தது. எண்கோணமாதலால் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சுவர் கிடைத்தது; வெளிச்சுவரை ஒட்டித் தாழ்வாரம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் மிகத் துணிச்சலான கட்டடம்.

1860இல் வேலை தொடங்கியது. வெளிச்சுவர்களும் கூரையும் குவிமாடமும் விரைவில் எழுந்துவிட்டன. 1861இல் போர் மூண்டதும் வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். நட்டின் அடிமைகளைக் கொண்டு கீழ்த்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும் முடிக்கப்பட்டு, குடும்பம் அதில் குடியேறியது. வடமாநில அரசின் பக்கம் சாய்ந்திருந்தும் நட்டின் சொத்து போரில் அழிந்தது. 1864இல் நிமோனியாவில் அவரும் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்தக் கீழ்த்தளத்திலேயே காலம் தள்ளி 1897இல் காலமானார். மேலே ஐந்து தளங்கள் முடிக்கப்படவே இல்லை.

கீழ்த்தளத்து அறைகளின் பூச்சையும் திரைச்சீலைகளையும் பார்த்துவிட்டுப் படியேறி மேலே போனதும், பூசாத செங்கற்சுவரும் வெற்று உத்திரங்களும் சூழ்ந்துகொள்கின்றன. அண்ணாந்து பார்த்தால் தளம் தளமாக எண்கோணம் சிறுத்துக்கொண்டே போய்க் குவிமாடத்தில் முடிகிறது. சுவர் எவ்வளவு தடிமன், செங்கல் எப்படிப் பிணைகிறது, உத்திரம் எங்கே தாங்குகிறது என்பதெல்லாம் திறந்து கிடக்கிறது. மற்ற மாளிகைகளில் காரையும் வண்ணமும் மூடியிருக்கும் உழைப்பு இங்கே மட்டும் மூடப்படாமல் நிற்கிறது. மண்ணைப் பிசைந்து அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, சுமந்து ஏற்றிய கைகளின் கணக்கு கண்முன் இருக்கிறது.

ஹாலரின் தந்தை ரஷ் நட், மெக்சிகோ விதையிலிருந்து ‘பெட்டிட் கல்ஃப்’ என்ற பருத்தி வகையைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அழுகல் நோயைத் தாங்குவது, காய் விரிந்ததும் எளிதில் பறிபடுவது. அதனால் ஓர் ஆள் ஒரு நாளில் பறிக்கும் எடை கூடியது, பறிப்பவரிடம் கேட்கப்பட்ட எடையும் கூடியது. இந்த விவசாய அறிவுக்கு நம் ஊரோடும் தொடர்பு உண்டு. 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தென்பகுதியிலிருந்து பருத்திச் சாகுபடி அறிந்த பத்துப் பேரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அவர்களில் சிலர் மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திக்குச் சோதனைப் பண்ணைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் அப்போது கிட்டவில்லை. ஆனால் 1861இல் போரினால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போகாமல் நின்றபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலை ஏறி, தூத்துக்குடித் துறைமுகம் சுறுசுறுப்பானது. லாங்வுட்டில் சுத்தியல் ஓசையை நிறுத்திய அதே நிகழ்வு, கரிசல் காட்டு வியாபாரிகளுக்குச் சில ஆண்டுகள் பணம் கொண்டுவந்தது.

ஞாயிற்றுக்கிழமை

ஸ்டேட் தெருவில் உள்ள வில்லியம் ஜான்சன் வீட்டை மாளிகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரிசை வீடுகளைப் போன்ற எளிய செங்கல் முகப்பு. கீழே வாடகைக்கு விட்ட கடை, மேலே குடியிருப்பு, பின்னால் தனிச் சமையற்கட்டு. 1840 மே மாதம் நாட்செஸைத் தாக்கி முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சூறாவளியில் இடிந்த கட்டடங்களின் செங்கல்லை எடுத்து இதைக் கட்டினார் ஜான்சன். அடிமையாகப் பிறந்து 1820இல் சிறுவனாக இருக்கும்போது விடுவிக்கப்பட்ட இவர், முடிதிருத்தும் கடைகள் நடத்தி வசதியாக வாழ்ந்தார். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார். அக்கால நாட்செஸின் அன்றாடத்தை ஒரு கறுப்பின மனிதரின் கண்வழியே காட்டும் அரிய ஆவணம் அது. இவரே சிலரை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். 1851இல் நில எல்லைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். நேரில் கண்ட சாட்சிகள் கறுப்பினத்தவர். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மை வெள்ளையர் என்று வாதிட்டுத் தண்டனை இல்லாமல் போனார். இவ்வளவு பெரிய அநீதியை இவ்வளவு சிறிய வீட்டின் மாடியில் நின்று கேட்பது கனமாக இருந்தது.

அங்கிருந்து கிழக்கே ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’ சந்திக்குச் சென்றேன். சாலைகள் பிரியும் முனையில் புல்வெளியாக ஒரு சிறு நிலம், சில விளக்கப் பலகைகள், தரையில் கான்கிரீட்டில் பதித்த இரும்பு விலங்குகள். அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக இந்தத் தென்பகுதியின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் இருந்தது. 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்ட பின், வர்ஜீனியா, மேரிலாந்து மாநிலங்களிலிருந்து உள்நாட்டு வணிகம் பெருகியது. ஐசக் பிராங்க்ளினும் ஜான் ஆர்ம்ஃபீல்டும் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் அலுவலகம் வைத்து, கப்பலிலும் கால்நடையாகவும் ஆட்களை இங்கே அனுப்பினார்கள். 1833இல் நகராட்சி இந்த வணிகத்தை ஊர் எல்லைக்கு வெளியே தள்ளியது. வணிகம் நிற்கவில்லை, எல்லைக்கு அப்பால் இந்த முனைக்கு நகர்ந்தது, அவ்வளவே. கண்ணில் படாமல் வைப்பது என்ற அதே ஏற்பாடு, மெல்ரோஸின் முற்றத்தில் வீட்டளவில் பார்த்தது, இங்கே ஊரளவில் நடந்திருக்கிறது.

சற்றுத் தள்ளி டெவெரோ மாளிகை நிற்கிறது. 1830களின் பிற்பாதியில், சந்தை முழுவீச்சில் நடந்த காலத்தில் எழுந்த வீடு. முகப்பில் ஆறு பெருந்தூண்கள். கட்டடக்கலை நூல்கள் அதன் தூண்களின் விகிதத்தைக் கொண்டாடுகின்றன, சரிதான்; அழகான விகிதமே. ஆனால் அந்தத் தூண்களையும் இந்தப் புல்வெளியையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து வரையாத எந்த விளக்கமும் நாட்செஸுக்குப் போதாது.

1931இல் தோட்டச் சங்க மகளிர் கூட்டத்துக்கு வெளியூரார் வந்தபோது கடும்பனியில் பூக்கள் கருகிவிட, தோட்டங்களுக்குப் பதில் வீடுகளைத் திறந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு முதல் அது ‘பில்கிரிமேஜ்’ என்ற வசந்தகாலத் திருவிழாவாகி, ஊரின் பிழைப்புக்கே ஆதாரமானது. போருக்கு முந்தைய காலப் பெண்களைப் போல வளையப் பாவாடை அணிந்து வரவேற்ற அந்த மரபு வீடுகளைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல பத்தாண்டுகள் பின்கட்டுகளைக் கதையிலிருந்து நீக்கியதும் அதே மரபு. இந்தச் சந்தி நிலம் தேசியப் பூங்காவில் முறைப்படி சேர்ந்தது 2021இல்தான். ஊரிலுள்ள கறுப்பின மக்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுப் பெற்ற அங்கீகாரம் அது.

சந்தையின் கட்டடங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1863இல் வடமாநிலத் தரைப்படை வந்து நாட்செஸில் நிலைகொண்ட பிறகு, வீரர்கள் அந்த அடைப்புக் கொட்டடிகளை இடித்து, பலகைகளைத் தங்கள் படைக்குடியிருப்புகள் கட்ட எடுத்துக்கொண்டார்கள். புதிதாகப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்களும் அந்த வேலையில் கலந்துகொண்டார்கள்.

இந்த ஊருக்கு வர எண்ணுவோர் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு சந்தியில் பயணத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு ஜான்சன் வீடு, மெல்ரோஸ், லாங்வுட் என்ற வரிசையில் போகலாம். மெல்ரோஸில் மாளிகைக்குள் நுழையும் முன் பின்முற்றத்துச் சமையற்கட்டிலும் மாடி அறைகளிலும் அரை மணி நேரமாவது நில்லுங்கள். தூண்கள் அப்போதும் அழகாகத்தான் இருக்கும். அவற்றைச் சுட்டெடுத்து நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வியோடு முன்வாசல் ஏறுவீர்கள்.